மேசை மேல் 58 டன்

டேங்க் மாடலைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றபடியே குனிவார்கள். "எத்தனை துண்டு? எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். உப்பளத்தில் எங்கள் தெருவில் இருக்கும் சொல்தா தாத்தா அப்படிப் பார்க்கவில்லை. (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்.) பாரீசிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகன் வாங்கிவந்த கிட்டில் நான் ஒட்டிய லெக்லெர் டேங்க் அது. 1944 ஆகஸ்டில் தன் படைப்பிரிவோடு பாரீசுக்குள் நுழைந்த பிரெஞ்சுத் தளபதியின் பெயர் அதற்கு. தாத்தா குஷியாகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மோவாயை மேசை விளிம்பில் வைத்து, பக்கவாட்டில் ஒரு நிமிடம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மிதக்குதே?"

அன்றிலிருந்து எந்த டேங்க் மாடலைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது எடையை.

நம் பக்கத்து வண்டியையே எடுத்துக்கொள்வோம். 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாரான அர்ஜுனின் முதல் வகை 58.5 டன். டேங்க் மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1/35. ஜப்பானின் டமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஒரு பேந்தர் டேங்க் செய்தபோது, உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்கட்டும் என்று வைத்த உடம்பு அது. அளந்து பார்த்தால் 1/35 வந்தது, பிறகு மற்ற கம்பெனிகளும் அதையே பிடித்துக்கொண்டன. அந்தக் கணக்கில் அர்ஜுன் பீரங்கிக் குழலோடு சேர்த்து 30 செ.மீ., பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் அளவு. எடைக்கோ 35ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். சுமார் 1,360 கிராம் வரும். பிளாஸ்டிக் கிட் அதில் பாதிகூடத் தேறாது. மீதி எடையைக் கண்ணை ஏமாற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த ஏமாற்று வேலை நடக்கும் இடம் கீழே, சக்கரங்களில். ஒரு துண்டுத் தாளை எடுத்து டிராக்குக்கு அடியில் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒரு சக்கரத்தின் கீழ் தாள் வழுக்கிக்கொண்டு போனால் அந்த வண்டி மிதக்கிறது. என் லெக்லெரில் இரண்டு இடத்தில் போனது. பக்கத் தகடு மறைக்காத வண்டியானால் டிராக்கின் மேல் ஓட்டத்தையும் பாருங்கள். நிஜத்தில் அது இரும்பு. ஈர வேட்டி காயும் கொடி மாதிரி உருளைகளுக்கு இடையே தொய்ந்து கிடக்கும். ரப்பர் பட்டையாக வரும் கிட்டில் அது விறைத்து நிற்கும். ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தவர் தொய்வைக் கொண்டுவந்திருப்பார். அந்த வேலை சலிப்பூட்டுவது, கண் எரியும். அதற்காகவே ஒரு சபாஷ் போடலாம். மேடு பள்ளமான மண்ணில் நிறுத்திய மாடல் என்றால், கல் மேல் ஏறிய சக்கரம் மட்டும் தனியாக எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அர்ஜுனுக்கு ஒரு பக்கம் ஏழு சக்கரம், வாயுவும் எண்ணெயும் தாங்கும் சஸ்பென்ஷன். ஏழும் ஒரே கோட்டில் நின்றால் அது பொம்மை.

அடுத்து, செல்போன் டார்ச்சைப் போட்டுக் குழலின் வாய்க்குள் பாருங்கள். இன்றைய பெரிய டேங்குகளில் பெரும்பாலானவற்றின் குழல் உள்ளே வழவழப்பானது. லெக்லெரும் அப்படித்தான். அர்ஜுனுடைய 120 மி.மீ. குழலில் திருகு வரிகள் உண்டு, பிரிட்டனின் சேலஞ்சர் 2 போல. மாடலில் அந்த வாய் மூன்றரை மி.மீ.கூட இல்லை. அதற்குள்ளும் வரியைக் காட்டியிருந்தால், செய்தவர் வண்டியைப் படித்துவிட்டு உட்கார்ந்தவர்.

பெயின்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தூரத்தில் நிற்கும் வண்டியின் நிறம் நடுவில் இருக்கும் காற்றால் வெளிறித் தெரியும். மாடலும் தூரத்து வண்டி போலத்தான், நிஜ டப்பாவின் பச்சையை அப்படியே சின்ன உடம்பில் அடித்தால் கறுத்துப்போகும். துளி வெள்ளை கலக்க வேண்டும். பெயின்ட் உரிந்த தழும்புக்கு ஒரு வழி, எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: உப்பு. பழுப்பு நிறம் அடித்து, லேசாக நனைத்து, உப்பைத் தூவி, அதன் மேல் பச்சை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் கீழே இருக்கும் துரு எட்டிப் பார்க்கும். முதல் தடவை நான் கல் உப்பைப் போட்டேன். மூன்று மி.மீ. கல், நிஜ வண்டியில் பத்து செ.மீ. காயம், தொழுநோய் கண்டதுபோல ஆகிவிட்டது. தூள் உப்பையும் இன்னும் பொடித்துத்தான் போட வேண்டும். கை வைக்கும் இடம், கால் வைத்து ஏறும் விளிம்பு, மூடியின் ஓரம் என்று ஆள் புழங்கும் இடத்தில் தேய்ந்திருந்தால் நம்பலாம். எல்லா மூலையும் சமமாக உரிந்திருந்தால் அது வெறும் சமையல்.

அழுக்கும் ஊருக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ராஜஸ்தான் வண்டியின் மேல் ஐரோப்பியக் குளிர்காலச் சேற்றை அப்பியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாலைவனத்தில் ஒட்டுவது புழுதி, அதுவும் மாவு போல. இடுக்குகளில் தங்கும், கால் படும் இடத்தில் இராது.

ஐப்பசி மழையில் மட்டும் லாக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். கடலோரத்துக்காரன் சொல்கிறேன்.

சக்கரங்களைப் பெயர்த்து மறுபடி ஒட்டி, தாத்தாவைக் கூப்பிட்டேன். தாளைச் செருகிப் பார்த்தார், போகவில்லை. பிறகு கமாண்டர் மூடியை நகத்தால் தட்டினார். "இதைத் திறந்து வைப்பா. இந்த வெயிலுல எவன் மூடிக்கிட்டுப் போவான்?"

திறந்தேன். உள்ளே ஆள் இல்லை. ஐந்து செ.மீ.யில் ஒருவனைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். மூஞ்சி இன்னும் சரியாக வரவில்லை.