துறவுக் கோலமும் சந்தைக் கோலமும்: தமிழ்ப் புனைகதைவழி ஹிப்பித் தோற்றம் குறித்த ஒரு பார்வை

தில்லி ஆர்.கே.புரத்தில் உத்தர சுவாமிமலைக் கோயில் அமைந்த குன்றும் தில்லித் தமிழ்ச் சங்கக் கட்டடமும் தலைநகர்த் தமிழர் வாழ்வின் அடையாளங்களாக விளங்குகின்றன. மைய அரசு ஊழியர்க்கான குடியிருப்பாக உருப்பெற்ற இப்பகுதிக்கு அருகிலேயே சரோஜினி நகர்ச் சந்தை உள்ளது. ஏற்றுமதியில் எஞ்சியனவும் தரக்கட்டுப்பாட்டில் கழிக்கப்பட்டனவுமான ஆடைகள் அங்குக் குவியலாக விற்கப்படுகின்றன. முடிச்சிட்டுச் சாயமேற்றிய சட்டை, அடியில் அகன்ற காற்சட்டை, குஞ்சம் தொங்கும் துணிப்பை, ஓங்கார எழுத்து அச்சிட்ட பனியன், உருத்திராக்கம் போன்ற மணிமாலை ஆகியவற்றை இளைஞர் விரும்பி வாங்குகின்றனர். இவற்றை ‘ஹிப்பி’ என்றோ ‘போஹோ’ என்றோ குறிப்பிடுவது வழக்கம். கோயிற் குன்றில் விரதம் இருப்போர் கழுத்தில் காணப்படும் மணியும் சந்தையில் தொங்கும் மணியும் தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. ஒரு கோலம் அதற்குரிய ஒழுக்கத்திலிருந்து பிரிந்து தனிப்பொருளாக மாறும்போது என்ன நேர்கிறது என்னும் வினாவை இவ்விரு மணிகளும் எழுப்புகின்றன. தமிழ்ப் புனைகதை இவ்வினாவை எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உருவான ஹிப்பி இயக்கம் வியட்நாம் போர் எதிர்ப்போடும் நுகர்வு வாழ்க்கை மறுப்போடும் பிணைந்திருந்தது. பழைய துணிக்கடைகளில் வாங்கிய உடுப்பு, கையால் ஒட்டுப்போட்ட காற்சட்டை, வெட்டப்படாத முடி ஆகியன அம்மறுப்பின் புறவடிவங்கள். இஸ்தான்புல், தெகிரான், காபூல், லாகூர் வழியாகத் தரைமார்க்கமாக வந்தோர் தில்லியின் பகாட்கஞ்ச் மலிவு விடுதிகளில் தங்கிக் காத்மாண்டுவுக்கோ கோவாவுக்கோ சென்றனர். 1968இல் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் ரிஷிகேசத்திற்கு வந்தமை இப்பயணங்களுக்குப் பெரும் விளம்பரமாயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் நிகழ்ந்தபின் அவ்வழி அடைபட்டது. வழி அடைபட்டாலும் உடை நின்றுவிட்டது. இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட குர்த்தாவும் மணிமாலையும் மேலைநாட்டுப் பாணியாகப் பெயர்மாறி மீண்டும் இந்தியாவுக்கே விற்பனைப் பண்டமாக வந்தமை இதன் அடுத்த கட்டம். மதுரைச் சுங்குடியின் முடிச்சு நுட்பத்தை வீட்டில் பாட்டியின் புடவையில் பார்த்து வளர்ந்த தில்லித் தமிழ்ப் பெண், அதனையொத்த நுட்பத்தை ‘டை அண்ட் டை’ என்ற பெயரில் புதியதாக வாங்குவதில் ஒரு வேடிக்கை உண்டு.

தமிழில் ‘ஹிப்பி’ என்னும் சொல் பெரும்பாலும் முடியையும் காற்சட்டையையும் குறிக்கும் வசைச்சொல்லாகவே வழங்கியது. நீள்முடி வளர்த்த எந்த இளைஞனையும் வீட்டார் அவ்வாறு ஏசினர். 1971இல் வெளிவந்த ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’ என்னும் இந்தித் திரைப்படம் அச்சொல்லோடு கஞ்சாவையும் குடும்பச் சிதைவையும் அழுத்தமாக இணைத்தது. இவ்வசைக்குள் ஓர் உண்மை மறைந்துள்ளது. முடியும் உடையும் ஒருவனது ஒழுக்கத்தை அறிவிக்கும் குறிகள் என்ற நம்பிக்கை தமிழ் மரபில் மிகப் பழமையானது.

வாகைத்திணையில் தொல்காப்பியர் கூறும் தாபதப் பக்கத்திற்குப் புறப்பொருள் வெண்பாமாலை தரும் விளக்கம் இங்கு நினைக்கத்தக்கது. பலகால் நீராடல், நிலத்தில் கிடத்தல், தோலுடுத்தல், சடை தாழவிடல், தீ ஓம்பல், ஊர் புகாமை, காட்டுணவு கொள்ளல், கடவுட்கும் விருந்தினர்க்கும் அளித்தல் முதலிய ஒழுக்கங்களை அந்நூல் தொகுத்துரைக்கிறது. இவற்றுள் கண்ணுக்குப் புலனாகும் கோலம் உடையும் சடையும் மட்டுமே. ஏனையவை உடலை வருத்தும் செயல்கள். ஊர் புகாமை என்பது வாழிடத்தையே துறப்பதாகும். கோலத்தை அதன் செயற்பாடுகளிலிருந்து பிரித்தெடுத்து இலக்கணம் கூறவில்லை என்பது கருதத்தக்கது. இன்றைய ஆடைச்சந்தை எடுத்துக்கொள்வதோ அவ்விரண்டை மட்டுமே.

ஆயினும் கோலத்தை வேடிக்கைப் பொருளாக்கும் நகர மனத்தைத் தமிழ் முன்னரே அறிந்திருந்தது. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் வீதியில் மணிமேகலை செல்லும்போது, ஆடை துறந்த சமணத் துறவியைக் கள்ளுண்டவன் எள்ளுவதும், அலரியும் எருக்கும் சூடிக் கந்தல் உடுத்த பித்தனைச் சூழ்ந்து மக்கள் நிற்பதும், பேடிக்கோலத்து ஆடலைக் காண்போர் திரள்வதும் அடுத்தடுத்து வருகின்றன. துறவி, பித்தன், கூத்தர் மூவரும் கூட்டத்தின் கண்ணுக்கு ஒரே தரத்தினராகின்றனர். உள்ளே இருக்கும் வேறுபாட்டைக் கூட்டம் பொருட்படுத்துவதில்லை. அக்கூட்டத்தின் நடுவே தானும் துறவுக்கோலம் நோக்கிச் செல்பவளாக மணிமேகலையைச் சாத்தனார் நிறுத்தியிருப்பது தற்செயலானதன்று.

இப்பின்புலத்தில் செயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) நாவலை வாசித்தல் பயனுடையது. அதன் நாயகன் ஹென்றியிடம் ஹிப்பிச் சாயலை வாசகர் எளிதில் காண்பர். பெற்றோர் இன்னார் என்று அறியாத அவன் சபாபதிப் பிள்ளையால் வளர்க்கப்பட்டவன். சாதியும் மதமும் அவனை ஒட்டவில்லை. வளர்ப்புத் தந்தையின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு அவன் வருவது எதையும் உரிமை கொண்டாடுவதற்காகவன்று. மனம் பிறழ்ந்து ஆடையின்றி அலையும் பெண்ணொருத்திக்கு வீட்டில் இடமளிக்கிறான்; அவளைக் கட்டிவைக்க முயல்வதில்லை. ஊரார் முதலில் வியப்பதும் ஐயுறுவதும் அவன் தோற்றத்தைப் பார்த்தே. நாவல் வளர வளரத் தோற்றம் பின்தள்ளப்பட்டு அவன் பிறரை நடத்தும் முறையே முன்னிற்கிறது. பூம்புகார்க் கூட்டம் செய்யத் தவறியதைக் கிருஷ்ணராஜபுரத்து மக்கள் மெல்லக் கற்கின்றனர் எனலாம்.

ஹென்றியை இலட்சிய மனிதனாகப் போற்றும் திறனாய்வுகள் ஒன்றை விட்டுவிடுகின்றன. அவனுக்குப் பணக்கவலை இல்லை. பாழடைந்த வீட்டைப் புதுப்பிக்க அவனால் இயல்கிறது. அன்றாடக் கூலிக்கு அவன் எங்கும் செல்ல வேண்டியதில்லை. மேலை ஹிப்பிகளுள் பலர் நடுத்தர, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் என்பதோடு இதனை ஒப்பிட்டால், பற்றின்மைக்கும் ஒரு செலவு உண்டு என்பதும், அச்செலவை யாரோ ஒருவர் முன்னரே செலுத்தியுள்ளனர் என்பதும் புலப்படும். செயகாந்தன் இதை மறைக்கவில்லை. எனினும் இதனை ஒரு சிக்கலாகவும் அவர் வளர்த்தெடுக்கவில்லை. நாவலின் இனிமை இதனாலேயே கிட்டியது என்று சொல்லவும் இடமுண்டு.

தில்லியில் வாழ்ந்து எழுதிய ஆதவன் நேர்மாறான திசையில் நின்றார். ‘காகித மலர்கள்’ (1977) நாவலில் தலைநகரத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெற்றோரும் பிள்ளைகளும் தத்தம் வேடங்களைச் சுமந்து திரிகின்றனர். அமெரிக்காவிலிருந்து திரும்பும் மூத்தவனும் தில்லியிலேயே வளர்ந்த இளையவர்களும் தம்மைப் பிறர் எவ்வாறு காண்கின்றனர் என்ற கவலையிலிருந்து விடுபடுவதில்லை. கலகம்கூட அங்கே ஒரு பாத்திரமாகிவிடுகிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட வசனத்தைத் தாம் ஒப்பிக்கிறோம் என்று பேசும்போதே அறிந்துவிடும் அவலம் ஆதவனின் மாந்தர்க்கு உரியது. உடை விடுதலை தரும் என்று நம்பத் தயாராக இருக்கும் இளைஞனிடம், கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடியதைத்தவிர வேறெதுவும் மாறவில்லை என்று ஆதவன் காட்டுவார். அரசு ஊழியர் குடியிருப்புகளில் பதவியைக்கொண்டே வீட்டின் அளவு முடிவாகும். மனிதரின் மதிப்பு வெளிப்படையாக வகைப்படுத்தப்பட்ட அத்தகைய சூழலில் தோற்றத்தின் மீதான இக்கவனம் கூர்மையடைவது இயல்பே. செயகாந்தன் கோலத்தைக் கடந்து மனிதனைக் கண்டார். ஆதவனோ மனிதனைத் தேடிச் சென்று மேலும் ஒரு கோலத்தையே கண்டார். இன்றைய நிலையை விளக்க ஆதவனே கூடுதலாக உதவுகிறார் என்பதில் ஐயமில்லை.

எனினும் இவ்விருவரும் ஆடையை அணிபவரின் பக்கமிருந்தே பார்த்தனர். ஆடையைச் செய்பவர் பக்கம் தமிழ் நாவல் சற்றுப் பிந்தியே திரும்பியது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலையும் அதைச் சார்ந்த மக்களையும் சீரழித்ததைப் பொருளாகக் கொண்டது. 1992இல் பாசனத்திற்கெனக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியமையும், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டமையும் அந்நாவலின் கவலையை வரலாறாக்கின. இயற்கைக்குத் திரும்புதல் என்ற முழக்கத்தோடு தோன்றிய உடைப்பாணி, பேரளவு ஏற்றுமதிப் பண்டமானபின், சாயப்பட்டறைகளையும் அவற்றின் கழிவையும் சார்ந்தே நிலைக்கிறது. ஹிப்பி உடையின் இன்றைய கவர்ச்சியை இளைஞர் மனநிலை என்ற அளவில் மட்டும் பேசும் கட்டுரைகள் இத்தொடர்பைக் காண்பதில்லை. ‘சாயத்திரை’யைச் சூழலியல் நாவல் என்ற வகைப்பாட்டிற்குள் அடைத்துவிட்ட திறனாய்வும் அதற்குத் துணைபோயிற்று. ‘காகித மலர்க’ளையும் ‘சாயத்திரை’யையும் அருகருகே வைத்து வாசிக்கும் முயற்சி பாடத்திட்டங்களில் அரிதாகவே உள்ளது. ஒன்று நகர நாவல், மற்றொன்று வட்டார நாவல் என்று வெவ்வேறு தாள்களில் அவை பிரிக்கப்படுவதே வழக்கம்.

பழித்தல் இங்கு நோக்கமன்று. பழைய சட்டையை ஒட்டுப்போட்டு உடுத்திய 1960களின் மறுப்பும், இன்று கழிவாக ஒதுக்கப்பட்ட ஏற்றுமதி ஆடையைக் குறைந்த விலைக்கு வாங்கி உடுத்தும் கல்லூரி மாணவியின் தேவையும் ஒருவகையில் நெருங்கியவை. அவள் சிக்கனத்தின் பொருட்டு வாங்குகிறாள். தான் எதையும் மறுப்பதாக அவள் சொல்லிக்கொள்வதில்லை. ஆதவனின் மாந்தரைவிட அவளிடம் பாசாங்கு குறைவு. சுவாமிமலைக் கோயிலுக்கு 1973 சூன் திங்களில் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஹென்றி நூல்வடிவம் பெற்றதும் அவ்வாண்டே. அக்குன்றின் படிகளில் இன்று விரதமணியும் சந்தைமணியும் அணிந்தோர் சேர்ந்தே ஏறுகின்றனர். ஒரே கழுத்தில் இரண்டும் கிடப்பதும் உண்டு.