இந்தியரோடு பேசக் கற்றுத்தரும் வகுப்புகள்

சென்னையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ கிளை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பல, தங்கள் மேலாளர்களை இந்தியக் குழுக்களோடு வேலை செய்ய அனுப்பும் முன் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வைக்கின்றன. வகுப்பை யார் நடத்தினாலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியர்கள் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்லமாட்டார்கள். மேலதிகாரி இருக்கும்போது மாற்றுக் கருத்தை வெளியே விடமாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டார்கள் என்பதற்காக ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். வேலைப் பேச்சைத் தொடங்கும் முன் வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரியுங்கள்.

இந்தப் பாடத்துக்கு ஒரு கல்விப் பரம்பரை உண்டு. சொல்லில் பாதியும் சூழலில் மீதியும் வைத்துப் பேசும் சமூகங்கள், எல்லாவற்றையும் சொல்லிலேயே வைத்துவிடும் சமூகங்கள் என்று இரண்டு வகையைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் எழுதினார். 1980இல் டச்சு ஆய்வாளர் ஹீர்ட் ஹாஃப்ஸ்டீட், ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் எண்களைக் கொடுக்கும் தம் நூலை வெளியிட்டார். அதிகார இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற அளவுகோலில் இந்தியாவுக்கு அவர் தந்த மதிப்பெண் 77. இந்த எண் இன்றும் பயிற்சி வகுப்புகளின் திரையில் வந்துகொண்டிருக்கிறது. பல பண்பாட்டினரோடு வேலை செய்வது பற்றி எரின் மேயர் 2014இல் எழுதிய புத்தகமும் சேர்ந்து, இந்தப் பாடம் உலகம் முழுக்க மேலாளர்களின் பொது அறிவாகிவிட்டது.

இவ்வகுப்புகளால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. தொலைவிலிருந்து ஒரு திட்டத்தை நடத்துபவர் கூட்டத்தின் முடிவில் ‘எல்லாம் புரிந்ததா?’ என்று கேட்கிறார். எல்லாரும் ‘புரிந்தது’ என்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வேலை வேறு பக்கம் போயிருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் ஆபத்தில்லாதது. ‘எதிலிருந்து தொடங்கப் போகிறீர்கள்?’, ‘எந்த இடத்தில் சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்கச் சொல்லித்தருகிறார்கள் பயிற்சியாளர்கள். இந்தக் கேள்விகளுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போக முடியாது. குழுவில் இளையவரை முதலில் பேசவைத்து மூத்தவரைக் கடைசிக்கு வைப்பது, சந்தேகங்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்பது, பேசி முடித்ததை எழுத்திலும் அனுப்பிவிடுவது, எல்லாமே நல்ல வழிகள். இவற்றால் எத்தனையோ குழுக்களில் வீண் பழியும் வீண் உழைப்பும் குறைந்திருக்கும்.

ஆனால் இவ்வழிகளில் இந்தியத்தன்மை என்று தனியாக என்ன இருக்கிறது? முதல் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆன எந்த நாட்டு இளைஞரிடமும் இதே கேள்விகள் இதே பலனைத் தரும். வகுப்பு சொல்லித்தரும் முறை சரி. அதற்குச் சொல்லும் காரணம் தவறு என்பதே என் மதிப்பீடு. காரணம் தவறாகிப்போவதால் வரும் கெடுதல் சிறியதல்ல.

அந்த 77ஐயே எடுத்துக்கொள்வோம். ஹாஃப்ஸ்டீடின் அடிப்படைத் தரவு 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டியது. அந்த நிறுவனமே 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறிப் பின்னர்தான் திரும்பி வந்தது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டின் மனத்தை அளக்க முடியுமா என்று ஆய்வாளர் பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுப்பிய கேள்விக்கு நிறைவான விடை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் இந்த நாட்டில் 121. குஜராத்தில் முதலாளியின் பெயரோடும் கணக்கரின் பெயரோடும் ஒரே ‘பாய்’ ஒட்டிக்கொள்கிறது. கொல்கத்தாவில் மூத்த சக ஊழியர் ‘தா’ என்ற அண்ணன் ஆகிவிடுகிறார். கோவைப் பக்கம் வயதில் சின்னவரிடமும் ‘ங்க’ போட்டுப் பேசுவதே இயல்பு. அந்த மரியாதையை வேறு ஊர்க்காரர் விலகலாக எடுத்துக்கொள்ளவும் கூடும். இத்தனை வகையில் மேலும் கீழும் பேசிக்கொள்ளும் மக்களுக்கு ஒரே மதிப்பெண் எப்படிப் பொருந்தும்? கவிஞரும் ஆய்வாளருமான ஏ. கே. ராமானுஜன் 1989இல், இந்தியருக்கென்று ஒரு சிந்தனை முறை இருக்கிறதா என்று கேட்டு எழுதிய கட்டுரையில், சூழலுக்கேற்ப விதியை மாற்றிக்கொள்ளும் போக்கை இந்தியாவில் அழுத்தமாகக் கண்டார். கேள்வியின் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தத்தை மாற்றி, அந்தக் கேள்வியையே சந்தேகித்துவிட்டுத்தான் அவர் அந்த முடிவுக்குப் போனார். வகுப்புகளில் அந்தச் சந்தேகம் இல்லை.

சாதியும் இல்லை. நான் பார்த்த கையேடுகளில் பண்டிகை இருக்கிறது, உணவு இருக்கிறது, கைகூப்பி வணங்குவது இருக்கிறது. ஒரே மாவட்டத்திலிருந்து போய் ஒரே குழுவில் வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் ஊர்த் தெருவை மெல்ல விசாரிப்பது இல்லை. ‘இந்தியர்கள் படிநிலையை மதிப்பவர்கள், நீங்களும் அதை மதியுங்கள்’ என்று ஒரு வெளிநாட்டு மேலாளரிடம் சொன்னால், தம் குழுவில் ஒருவர் ஏன் எப்போதும் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க அவருக்குத் தோன்றுமா? சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். ‘படிநிலை’ என்று வகுப்பில் மென்மையாகச் சொல்லப்படுவது என்ன என்பதை அந்த நகரம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

‘முடியாது’ என்ற சொல் ஏன் வருவதில்லை என்பதற்கும் வேறு விளக்கம் இருக்கிறது. எச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு வேலை போனால், அடுத்த ஏற்பாட்டைச் செய்ய அதிகபட்சம் 60 நாள். வீட்டுக் கடன், பள்ளியில் பாதி ஆண்டு முடித்த பிள்ளை, எல்லாமே அந்த 60 நாளுக்குள் அடங்க வேண்டும். அவர் கூட்டத்தில் அடக்கமாக இருப்பது பண்பாடா, கணக்கா? கலிபோர்னியாவில் காலை 10.30 மணி என்றால், கோடையில் இங்கே இரவு 11. பகல் முழுக்க உழைத்தவர் அந்த நேரத்தில் இன்னொருவரின் மொழியில், இன்னொருவரின் வசதிக்கு வைத்த கூட்டத்தில், ‘இந்தத் தேதிக்குள் முடியாது’ என்று விளக்கி வாதாட வேண்டும். தாமதத்துக்கு அபராதம் என்று ஒப்பந்தம் போட்டு வேலையை வாங்கிய அவருடைய நிறுவனமும் அவர் அப்படிச் சொல்வதை விரும்பாது. இவை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ‘அவர்கள் அப்படித்தான்’ என்று சொல்லிவிடும்போது, கூட்ட நேரத்தை மாற்றுவது, ஒப்பந்தத்தைத் திருத்துவது போன்ற செலவுள்ள வேலைகள் யாருடைய பொறுப்பும் ஆகாமல் போகின்றன.

பணிவு மாறாத இயல்பு என்றால் மாத்தூரில் நடந்தது நடந்திருக்காது. பாலக்காடு மாவட்டத்தின் இந்த ஊராட்சி 2021இல், தன் அலுவலகத்துக்கு வருவோர் யாரையும் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. பெயராலோ பதவியாலோ அழைக்கலாம். மனுவில் கெஞ்ச வேண்டாம், உரிமையாகக் கேட்கலாம் என்றது.

வகுப்புகளுக்கு மாறான ஒரு பழக்கம் நம் அரசிடமே நெடுநாளாக இருக்கிறது. ராஜஸ்தானிலோ பீகாரிலோ பிறந்து தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, முசோரி அகாடமியில் தமிழ் படிக்கத் தொடங்கி, மாநிலத்துக்கு வந்து மொழித் தேர்விலும் தேறவேண்டும். ‘இந்தியர்’ என்று பொதுவாக யாரையும் அவர் கற்பதில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டா கேட்டு வரும் ஒரு பாட்டியைப் புரிந்துகொள்ளக் கற்கிறார். இதிலும் குறை உண்டு. பாடநூல் தமிழுக்கும் அந்தப் பாட்டியின் பேச்சுக்கும் நடுவில் தூரம் இருக்கிறது. ஆனாலும் மேலே இருப்பவர் கீழிறங்கி வந்து கற்கவேண்டும் என்பதை விதியாக வைத்த ஏற்பாடு இது, அதற்காகவே நான் இதை உயர்வாக மதிக்கிறேன். மருத்துவப் படிப்பும் 2019 முதல் நோயாளியோடு பேசுவதைப் பாடமாக வைத்திருக்கிறது. மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புவதால், வெளிமாநில மருத்துவர்கள் நம் வார்டுகளில் நிறையவே இருக்கிறார்கள். ‘கடுக்குது’ என்பதும் ‘குடையுது’ என்பதும் வேறு வேறு வலி என்று அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். இப்போது அதைச் செவிலியர்கள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

யாருக்கும் யாரும் எதுவும் கற்றுத்தராத இடம் தொழிற்சாலைகள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. வேறு இடங்களில் நடந்த வன்முறைக் காட்சிகளுக்கு இந்தியில் விளக்கம் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். ஹோலி நெருங்கும் நேரம். திருப்பூரிலும் கோவையிலும் பலர் பயத்தோடு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை மறுப்பை இந்தியிலும் வெளியிட்டது, இந்தி பேசும் காவலர்களோடு உதவி எண் வைத்தது, தொழிலாளர் தங்குமிடங்களுக்கு நேரில் போய்ப் பேசியது. பதற்றம் தணிந்தது. அந்த வாரம் காவல்துறை செய்தது உண்மையிலேயே நல்ல பணி. ஆனால் ஆண்டுக்கணக்காகத் தன் பின்னலாடையைத் தைத்துக்கொண்டிருப்பவரிடம் ‘பயப்படாதே’ என்று சொல்ல ஒரு முதலாளிக்கு மொழி இல்லாமல் இருந்தது எப்படி? வதந்தி அவர்கள் கைபேசிக்கு அவர்கள் மொழியில் வந்து சேர்ந்தது. நாம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகு.

கேரளம் ‘சங்ஙாதி’ என்ற எழுத்தறிவுத் திட்டத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுத்தருகிறது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனாலும் கற்கும் சுமை அங்கேயும் வந்தவர் தலையில்தான், அதுவும் வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதில்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலையில் ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. ஊர்க்காரர்களே வேலை பார்த்த காலத்தில் அது தொழிலாளர் பக்கம் நின்ற விதி. நூறு பேரில் அறுபது பேர் தமிழர், இருபது பேர் ஒடியா, இருபது பேர் வங்காளி என்று இருக்கும் இன்றைய சாயப்பட்டறையில், ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதிவிட்டால் அப்படிப்பட்ட விதி நிறைவேறிவிடும். கொதிகலன் பக்கத்தில் நிற்கும் ஒடிசா இளைஞருக்கு அந்தப் பலகையில் படிக்க ஒன்றும் இருக்காது. வெளிநாட்டு மேலாளருக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தும் செலவில், அந்த ஆலையின் எல்லாப் பலகைகளையும் மூன்று மொழிகளில் எழுதிவிடலாம்.