மாயாவியும் இரவல் புத்தகமும்
இரும்புக்கை மாயாவி பற்றி நான் படித்த ஏக்கக் கட்டுரைகள் எதிலும் கதையே இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. மூலம் 1962இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் சார்ஜ் இறங்கிடும், பாவம்! ஆரம்பத்தில் அவன் குற்றவாளி; கிடைத்த சக்தியைத் திருட்டுக்குத்தான் பயன்படுத்துகிறான். அந்த இருட்டை ஹெசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் பார்க்கணும். இதையெல்லாம் விட்டுவிட்டு 'பொற்காலம்' என்று எழுதுகிறவர்கள், ஒரே புத்தகம் அஞ்சு வீடு சுற்றிய நாட்களுக்குத்தான் ஏங்குகிறார்கள். முன்னாடி படித்தவன் முடிவைச் சொல்லிடுவானோங்கிற பதற்றமும் அதில் சேர்த்தி. இப்போது மறுபதிப்பை ஆளுக்கொன்று வாங்கி அலமாரியில் அடுக்குகிறோம். யாராவது இரவல் கேட்டால், கொடுக்க மனசு வரமாட்டேங்குது.