மழலையர் வகுப்பில் இரண்டு அம்மாக்கள்

கனடாவில் வான்கூவருக்கு அருகே இருக்கிறது சர்ரே நகரம். அங்கே ஜேம்ஸ் சேம்பர்லெயின் என்ற மழலையர் வகுப்பு ஆசிரியர், ஒருபாலினப் பெற்றோர் இடம்பெறும் மூன்று படக்கதைகளை வகுப்பில் பயன்படுத்த அனுமதி கேட்டார். 1997இல் கல்வி வாரியம் மறுத்தது. 2002 டிசம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அந்த மறுப்பு செல்லாது என்றது. சிறு குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட குடும்பங்களைக் கதை வழியே அறிமுகப்படுத்தும் முறை தேவையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதைச் செய்யும் விதத்தில் இருக்கும் குறைகளை அதன் ஆதரவாளர்களே முதலில் பேச வேண்டும்.

அந்த மூன்றில் ஒன்று ‘ஆஷாஸ் மம்ஸ்’. பள்ளிச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தில் ஆஷாவின் இரு அம்மாக்களும் கையெழுத்திடுகிறார்கள். ஒருவருக்கு இரண்டு அம்மா இருக்க முடியாது என்று ஆசிரியை ஏற்க மறுக்கிறார். இந்த முறையின் பலம் முழுவதும் அந்தப் படிவத்தில் இருக்கிறது. ஆஷா வகுப்புக்குக் கொண்டுவந்தது தன் வீட்டை மட்டும்தான். அதைச் சிக்கலாக்கியவர் ஆசிரியை. இத்தகைய பிள்ளைகள் ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் குடும்பத்தைப் பற்றி வாயே திறக்காமல் அவர்களை மதிக்கக் கற்றுத்தர முடியாது.

‘இது வயதுக்கு மீறிய விஷயம்’ என்பது வழக்கமான மறுப்பு. அம்மாவும் அப்பாவும் வரும் கதை எந்தக் குழந்தைக்கும் பாலுறவைச் சொல்லித் தருவதில்லை. இரண்டு அப்பாக்கள் சோறூட்டித் தூங்க வைக்கும் கதை மட்டும் எப்படிச் சொல்லித் தரும்?

இனி குறைகள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், மாண்ட்கோமரி மாவட்டப் பள்ளிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட நூல்களில் ‘பிரைட் பப்பி’ ஒன்று. ஒருபாலீர்ப்பாளர் உள்ளிட்டோர் நடத்தும் ‘பிரைட்’ பேரணியில் தொலைந்த நாய்க்குட்டியைத் தேடும் அகரவரிசைக் கதை அது, முன்மழலையர் வகுப்புக்கானது. படங்களில் தேடச் சொல்லும் சொற்பட்டியலில் ‘லெதர்’ (தோலாடை), பெண்வேடக் கலைஞர் என்றெல்லாம் இருந்தன. நான்கு வயதுக் குழந்தைக்குப் பழக்கமான வீடு, சாப்பாடு, தூக்கம் என்ற உலகை விட்டுவிட்டுப் பெரியவர்களின் கொண்டாட்டத்துக்குப் போய்விட்டது புத்தகம். சில நூல்களின் உள்ளடக்கம் வயதுக்குப் பொருந்தவில்லை என்று பள்ளி முதல்வர்களின் சங்கமே ஆட்சேபித்தது. பின்னர் மாவட்டம் அந்த நூலைக் கைவிட்டது.

இரண்டாவது குறை, பெற்றோரை நடத்திய விதம். விரும்பாதவர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை 2023இல் மாவட்டம் ரத்து செய்தது. இஸ்லாமிய, கிறித்தவப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும் காலத்தில் முன்கூட்டியே தெரிவித்து விலக அனுமதிக்க வேண்டும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உத்தரவிட்டது. பெற்றோரிடம் உட்கார்ந்து பேசாததன் விலை இது. அந்த விலையைக் கொடுப்பதோ குழந்தைகள். தன் வீட்டைப் போன்ற வீடு கதையில் வரும் வேளையில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து வெளியே போவதைப் பார்க்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

மூன்றாவது, புத்தகத்தின் தரம். கனடிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சர்ரே கல்வி வாரியம் 2003இல் மறுபரிசீலனை செய்தபோது, அதே மூன்று நூல்களைத் தரம் போதாது என்று மீண்டும் ஒதுக்கி, ஒருபாலினப் பெற்றோர் வரும் வேறு நூல்களை ஏற்றது. இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடலாம். ஆனாலும் வாதாடுவதற்காக எழுதப்பட்ட கதையைக் குழந்தை இரண்டாம் முறை கேட்காது என்பது உண்மை. எல்லாவகைக் குடும்பங்களும் கலந்து வரும் புத்தகத்தில் ஒரு பக்கமாக இந்தக் குடும்பமும் வந்தால் அது இயல்பாகப் பதியும்.

ஆகவே, தொடங்க வேண்டிய இடம், இரண்டு அம்மாக்களின் பெயரையும் எழுத இடமுள்ள சேர்க்கைப் படிவமும் ஆசிரியர் பயிற்சியும்தான். ‘அவளுக்கு ஏன் அப்பா இல்லை?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், பதறாமல் ‘அவளுக்கு இரண்டு அம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகத் தெரிந்த ஆசிரியர் எந்தப் புத்தகத்தையும்விடப் பயனுள்ளவர். ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரை அழைத்துப் புத்தகங்களைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு இருக்கும். அந்த எதிர்ப்புக்காக, ஒரு பிள்ளையின் வீட்டை இல்லாததுபோல் நடத்தும் உரிமை மட்டும் எந்தப் பள்ளிக்கும் கிடையாது.