மூன்று கோடு போட்டால் படி பத்திரமா?

"கோடு போட்டுத்தான் சார் தர்றோம், வழுக்காது." பளபளக்கும் கிரானைட் படிக்கட்டைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் கிடைக்கும் பதில் இதுதான். கோடு என்றால், படியின் முன்பக்கம் கட்டரால் கீறும் மூன்று பள்ளக் கோடுகள். கல் பதிக்கும் மேஸ்திரி சொல்கிறார், வீடு கட்டி விற்பவர் சொல்கிறார். மோர்பியிலிருந்து உருட்டிய விளிம்போடும் கோட்டோடும் தயாராகி வரும் ஸ்டெப் டைல்ஸை விற்கும் கடைக்காரரும் 'ஆன்டி ஸ்கிட்' என்று அதையே சொல்கிறார். இத்தனை பேர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடவில்லை.

கிரானைட்டோடு எனக்குப் பகை இல்லை. எளிதில் தேயாது, துடைத்தால் போதும், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் வெட்டி எடுக்கிற நம் ஊர்க் கல். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிற வீட்டில், ஈரம் இல்லாதவரை பாலிஷ் கல்கூடப் பெரிய வில்லங்கம் செய்யாது. படியின் முனையை உருட்டிவிடும் ஃபுல் ரவுண்ட் மோல்டிங்குக்கும் ஒரு நியாயம் உண்டு. கூரான முனை சீக்கிரம் சில்லு விடும். விழுகிற பிள்ளையின் நெற்றியையும் கிழிக்கும். கோடுகளும் புதிதில் விரலுக்குக் கொஞ்சம் பிடி கொடுக்கும். அந்தக் கட்சிக்காக இதற்கு மேல் வாதாட என்னால் முடியவில்லை.

என் சண்டையெல்லாம் கோடு இருக்கும் இடத்தைப் பற்றித்தான். படிக்கட்டில் மோசமாக விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். இறங்கும் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீட்டுப் படியின் அகலம் குறைந்தது 250 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வளர்ந்த ஆணின் பாதமே கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். குதிகால் பின்படியில் இடிக்காமல் இருக்க, கால் தானாகவே முன்னால் தள்ளிப் போகிறது. விரல்கள் விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்கின்றன. உடம்பின் பாரம் முழுக்க முன்பாதத்தில், அதாவது படியின் கடைசி இரண்டு அங்குலத்தில் இறங்குகிறது. நம் கோடுகள் அங்கேயா இருக்கின்றன? மோல்டிங்கின் வளைவு முடிந்து, அதற்கும் பின்னால் ஒரு விரற்கடை தள்ளித்தான் முதல் கோடே தொடங்குகிறது. விளிம்புக்கு நெருக்கமாகக் கட்டர் ஓட்டினால் கல் உடைந்துவிடும் என்று மேஸ்திரிக்குப் பயம். ஆக, கால் நழுவும் இடத்தில் கண்ணாடிப் பாலிஷ். நழுவாத இடத்தில் கோடு. அந்தக் கோட்டிலும் சில மாதங்களில் தூசியும் சோப்புத் தண்ணீரும் சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொள்கின்றன. குண்டூசியால் கீறிப் பாருங்கள், கறுப்பு மாவாக வரும்.

மோல்டிங்கின் கணக்கையும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 18 மி.மீ. பலகைக்கு அடியில் இன்னொரு 18 மி.மீ. பட்டையை ஒட்டி 36 ஆக்கி, அரைவட்டமாக உருட்டுகிறார்கள். படியின் முன்பக்கம் 18 மி.மீ. அப்போதே சரிவாகிவிட்டது. வரைபடத்தில் 250 இருந்தாலும் காலுக்குக் கிடைப்பது 232. அமெரிக்காவின் 2010 அணுகல் தரவிதி இந்த வளைவின் ஆரத்துக்கு அரை அங்குலம், சுமார் 13 மி.மீ., என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நாமோ உருட்ட உருட்ட அழகு என்று அடிக்கணக்கில் கூலி கொடுத்து ஆபத்தை வாங்குகிறோம்.

வழுக்குவதாவது ஈரத்தில்தான். கண்ணை ஏமாற்றுவது எந்நேரமும் நடக்கிறது. மேலிருந்து பார்த்தால் கறுப்புக் கிரானைட் படிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே சரிவாகத் தெரிகின்றன. போதாததற்கு ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் அதில் பட்டு மினுங்குகின்றன. அந்த மினுமினுப்புக்கு நடுவே கண்ணில் படுவது அந்த மூன்று கோடுகள்தான். படி அங்கேதான் முடிகிறது என்று கண் எடுத்துக்கொள்கிறது. உண்மையான விளிம்பு அதற்கும் முன்னால் இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதையே முதியவர்களை வைத்துச் சோதித்தார்கள். பளிச்சென்ற பட்டையை விளிம்போடு ஒட்டி வைத்தபோது இருந்ததைவிட, 30 மி.மீ. பின்னால் தள்ளி வைத்தபோது, இறங்கும் காலுக்கும் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்தது. விளிம்பை உரசிவிடும் அளவுக்கு நெருங்கிய அடிகள் கூடின. அதாவது, தப்பான இடத்தில் போட்ட அடையாளம் காலைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப் போகிறது. கண்புரை உள்ள பாட்டிக்கும், பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியே மங்கலாகப் படியைப் பார்க்கும் தாத்தாவுக்கும் நாம் கட்டிக்கொடுத்திருப்பது இந்தப் படிதான். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்வது சுத்த ஏமாற்று.

விதி இல்லாமல் இல்லை. படி விளிம்பில் 50 மி.மீ. அகலத்தில் எடுப்பான மாற்று நிறப் பட்டை வேண்டும் என்று மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதி 15(1) இத்தகைய தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்திருக்கிறது, அது செல்லாது என்று ராஜீவ் ராதுரி வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது; கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் சொன்னது. இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழி மஞ்சள் ரேடியம் டேப். உருட்டிய வளைவில் டேப் நிற்காது; அதனால் அதையும் பின்னால் தள்ளி ஒட்டுகிறார்கள். பழைய தப்பே இப்போது மஞ்சள் நிறத்தில். முனை பெயர்ந்து சுருண்டதும் செருப்பும் புடவைக் கரையும் அதில் மாட்டுகின்றன. ரப்பர் பதித்த அலுமினியப் பட்டை இதைவிட நல்லது. ஆனால் கல்லில் பள்ளம் வெட்டிச் சமமாகப் பதித்தால்தான். மேலோடு திருகி வைத்தால் அதுவே தடுக்கிவிடும்.

வழி அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கறுப்புக் கிரானைட்டில் செதுக்கிய கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். வண்ணம் பூசாவிட்டாலும் எழுத்து வெளிர்சாம்பலாகத் தெரியும்; பாலிஷ் போன இடம் வெளுத்து, சொரசொரப்பாக இருக்கும். படியின் முன்விளிம்பிலும் இதையே செய்யலாம். விளிம்பு தொடங்கும் இடத்திலிருந்தே 50 மி.மீ. அகலத்துக்குக் கொத்திவிட்டால் பிடிமானமும் நிறவேறுபாடும் ஒரே வேலையில் கிடைத்துவிடும். நனைந்தால் அந்த நிறம் கொஞ்சம் மங்கும்தான், பிடிமானம் மங்காது. மழைச்சாரல் படும் படிக்கட்டாக இருந்தால் வெளிர்நிறக் கல்லையே அந்த இடத்தில் பட்டையாகப் பதித்துவிடலாம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் வெட்டுமுன் மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்: ஃபுல் ரவுண்ட் வேண்டாம், முனையைக் கொஞ்சமாக மழுக்கினால் போதும், கோடு வேண்டாம், விளிம்போடு சேர்த்துக் கொத்தித் தாருங்கள் என்று. மோல்டிங்குக்கு ஒதுக்கிய கூலியை அந்தக் கொத்து வேலைக்குக் கொடுங்கள்.