பட்டறைவாசலில் ஒரு சி70

அமெரிக்கத் தெற்கில் 1930களின் ஃபோர்டு கார்களை வாங்கி, மட்காட்டை வெட்டியெறிந்து, மண் வட்டத்தில் ஓட்டினார்கள். மலேசியாவின் கோலசிலாங்கூர் எஸ்டேட்டுகளில் அந்தக் கைப்பித்து பிடித்துக்கொண்ட வண்டி ஹோண்டா சி70.

72 சிசி, மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது. காலையில் செம்பனைத் தோட்டத்துக்கும் சாயங்காலம் புக்கிட் ரோத்தான் கடைத்தெருவுக்கும் போகிற அதே கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள்தான். இளவட்டம் கையில் சிக்கினால் முதலில் கழல்வது முன்னாலிருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு, அப்புறம் கூடை. பின்பக்கப் பல்சக்கரத்தில் பல்லைக் குறைத்தால் வேகம் கூடும். இழுவை போய்விடும், மேட்டில் மூச்சு வாங்கும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, ஒரு சுற்று ஓட்டி, பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. காப்பித்தூள் நிறமென்றால் தம்பி முகத்தில் சிரிப்பு.

வேகத்துக்கு முறையான இடமும் இங்கே இருந்தது. 1968இல் திறந்த பத்து தீகா ஓட்டப்பாதையில் 1991 முதல் சில ஆண்டுகள் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே நடந்தது. இன்று அந்தப் பாதை இல்லை. பொதுச்சாலையில் பந்தயம் விட்டுச் சீறும் ரெம்பிட் இளைஞர் கூட்டத்தை நான் ரசிப்பதில்லை. என் ரசனை பட்டறைவாசலோடு சரி. அங்கேயும் சைலன்சரைக் குடைந்து எஸ்டேட் லயத்து வீடுகளையே எழுப்புகிறவனுக்கு மன்னிப்பு கிடையாது.