பிம்பச் சிறையும் ஆலை வாயிலும்

ஏழை ஏன் தன் வர்க்கத்துக்கு வாக்களிப்பதில்லை? இக்கேள்வியை எழுப்பி, விடையும் கண்டுவிட்டதாக நம்புகிறது எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘பிம்பச் சிறை’. 1992-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் தமிழுக்கு வந்த நூல். ‘தொழிலாளி’ (1964), ‘விவசாயி’ (1967), ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) என உழைப்போர் கோலமெல்லாம் பூண்டு எம்.ஜி.ஆர். திரையில் கொடியோரை வீழ்த்தினார். கொட்டகையில் கைதட்டியவன் சாவடியில் முத்திரை குத்தினான். 1984-இல் அவர் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் வென்றது அவர் கட்சியே! ஆட்சியோ விற்பனை வரியையும் மதுத் தீர்வையையும் அந்த ஏழையின் தோளிலேயே ஏற்றியது. நிழலை நம்பி நிசத்தை இழந்தான் என்கிறார் பாண்டியன்.

வரிக் கணக்கை மறுப்பதற்கில்லை. நாம் மாறுபடுவது, அந்த ஏழையை அவர் தீட்டியுள்ள விதத்தில்தான். 1982-இல் விரிவுபெற்ற சத்துணவு, அவன் குழந்தையின் தட்டில் விழுந்த சோறு அல்லவா! அதை எண்ணி வாக்களித்தான் எனில், அது மயக்கமா, கணக்கா? அந்தக் கணக்குக்கு நூலில் எடை போதவில்லை.

நூலைக் கையிலேந்திக் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள், தோழர்களே! 2011-இல் விஜயகாந்தின் தே.மு.தி.க. (அ.தி.மு.க. கூட்டணி பலத்தில்தான்), 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் தி.மு.க. மூன்று தேர்தல், மூன்று கட்சி! சிறைப்பட்டவனா இப்படி வாயில் மாற்றுவான்?

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூரில், ஆலைக்கு அருகிலேயே தொழிலாளி குடியிருந்தான். வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை வந்தபோது, சாவடியும் அத்தெருக்களிலேயே அமைந்தது. சிப்காட் வளாகத்து உருக்காலைகளின் நிலை வேறு. உலையருகே வேகும் ஒடிசா, பீகார்த் தொழிலாளருள் பலருக்கு உழைப்பு இங்கே, வாக்கு சொந்த ஊரில். ஒப்பந்தக்காரன் பெயர் தெரியும், தொகுதியின் பெயர் தெரியாது. சுற்றுக் கிராமத்து இளைஞனுக்கோ வாக்கு இருக்கிறது. ஆலைக்குள் நிலையான வேலை அரிது.

வாக்குள்ளவனை நோக்கித்தானே கட்சி பேசும்? ஆலை வேலைகளில் 75 விழுக்காடு தமிழருக்கே எனச் சட்டம் வரும் என்று 2021-இல் தி.மு.க. தேர்தல் அறிக்கை உரைத்தது. கேட்பது நியாயமே, மண்ணின் மகனுக்கு வேலை வேண்டாமென்போர் யார்? ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் தேடும் முதலாளி, அவ்வழக்கில் பிரதிவாதியாகவே நிற்கவில்லை. உள்ளூரானும் வெளியூரானும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். பாண்டியனின் நூல் எழுதப்பட்ட நாளில் இவ்வழக்கு இந்த உருவில் இல்லை. அவரும் 2014-இல் மறைந்துவிட்டார். அடுத்த நூலை எழுதப்போகிறவர், கொட்டகையை விட்டு ஆலை வாயிலில், இரவு முறை முடிந்து ஆட்கள் வெளிவரும் வேளையில் நிற்கட்டும்.